தேசி மரம் நிற்கும் வளவு

ஒக்டோபர் 17
இரவு முழுக்க மழை. வெள்ளவத்தை ஒழுங்கையெல்லாம் தண்ணீர். தேசி மரத்தடியில் தேங்கியது விடிந்தும் வடியவில்லை.

ஒக்டோபர் 18
ரொறன்ரோவிலிருந்து அம்மா. "மரம் என்ன மாதிரி?" விற்ற வீட்டைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

ஒக்டோபர் 20
இலைகள் வாடித் தொங்குகின்றன, காலடியில் தண்ணீர் நிற்கும்போதே. நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். காற்றும் தண்ணீரும் அதைத்தான் பங்குபோடுகின்றன. ஒன்று வந்தால் மற்றது போகவேண்டும். மழை விட்டு ஓரிரு நாளில் பெரிய துளைகளில் உள்ள தண்ணீர் கீழே இறங்கிவிடும், அந்த இடத்துக்குக் காற்று வரும். சிறிய துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். வேருக்குக் குடிக்க அது, மூச்சுவிட இது. எல்லாத் துளையும் நிரம்பிவிட்டால் ஒட்சிசன் தண்ணீருக்குள்ளால்தான் வரவேண்டும், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாக. மூச்சு முட்டிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. அதுதான் இந்த வாடல்.

ஒக்டோபர் 21
பெட்டிகள். தூசி. தலையிடி.

ஒக்டோபர் 23
பக்கத்துக் கட்டட வேலை லொறி மாதக்கணக்காக இந்த மரத்தடியில்தான் நின்றது. பால்மா டின்னின் அடியை வெட்டி மண்ணுக்குள் அடித்து இறக்கினேன். உள்ளே இருந்ததைக் காயவைத்து நிறுத்தேன். மல்லிகைப் பக்கம் லீற்றருக்கு 1.3 கிலோ. லொறி நின்ற இடம் 1.7. மண் துகள் மட்டும் இடைவெளியே இல்லாமல் இருந்தால் லீற்றருக்கு 2.65 கிலோ வரும். அப்படியென்றால் அங்கே 51 வீதம் வெற்றிடம், இங்கே 36. நசுங்கிப் போவது முதலில் பெரிய துளைகள், அதாவது காற்றின் பங்கு. கோபம் அடங்கவில்லை.

ஒக்டோபர் 24
மழை.

ஒக்டோபர் 26
இறுகிய மண்ணுக்குள் காற்றுப் போகக் குழி குத்த அலவாங்கு தயார். ஆனால் ஈர மண்ணைக் குத்தினால் இன்னும் இறுகும், குழியின் சுவரும் பூசி மெழுகினதுபோல் அடைபட்டுவிடும். 31ஆம் திகதி திறப்புக் கொடுக்கவேண்டும். காயுமா?

ஒக்டோபர் 28
நல்ல வெயில். ஒரு பிடி மண்ணை உருட்டித் தட்டினேன், உதிர்ந்தது. சரி! கொப்புகளின் நிழல் முடியும் ஓரத்தில் சுற்றிவரக் குத்தி, மக்கிய இலையை நிரப்பினேன். அறுபட்ட ஒரு சின்ன வேர் உள்ளே வெள்ளையாக இருந்தது, அழுகல் மணமே இல்லை. அம்மாவுக்குப் படம் அனுப்பினேன்.

ஒக்டோபர் 30
வீடு வாங்கியவரிடம் காரை எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். மரத்தடி நிழல்தான் வசதி என்றார். மதில் பக்கம் நானே தகரம் போட்டுத் தருகிறேன் என்றேன். மனைவியிடம் கேட்டுச் சொல்வாராம்.