மாவுக்கு எத்தனை கிலோ? பத்தாம் வகுப்பு அறிவியலும் மண் பரிசோதனைக் கூடத்தில் என் மூன்று வாரமும்

பத்தாம் வகுப்பு முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. என் வகுப்பில் 34 பேர். அறிவியலில் 33 பேர் தேர்ச்சி. ஒருவன் தவறிவிட்டான். அவனைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். போன வருடம் இதே பள்ளியில் அறிவியலில் மட்டும் ஏழு பேர் தவறினார்கள். அதனால் தலைமையாசிரியர் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். எனக்குத்தான் அது தொண்டையில் இறங்கவில்லை.

நான் போன கோடையில் இன்டர்ன்ஷிப் போனது தெரிந்த ஆசிரியத் தோழிகள் சிலர் போன் செய்து, "அது வகுப்புக்கு உதவியதா, இல்லை அலைச்சல்தானா?" என்று கேட்கிறார்கள். உதவியது. ஆனால் நான் நினைத்த வழியில் உதவவில்லை. அரை வருடம் போன பிறகுதான் சரியான வழி பிடிபட்டது. இந்த வருடம் போக நினைப்பவர்கள் அந்த அரை வருடத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி. கும்பகோணம் பக்கம் இருக்கும் ஒரு மண் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமையாசிரியரின் கடிதத்தோடு போய்க் கேட்டேன். மே மாதம் மூன்று வாரம் வரச் சொன்னார்கள். சம்பளம் கிடையாது, பஸ் செலவு என்னுடையது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும், அதற்கு முன்னால் குறுவை நெல்லுக்காக மண் பைகள் வந்து குவியும் நேரம் அது. வேலைக்கு ஆள் தேவைப்பட்டது, நானும் போய் நின்றேன்.

வயலில் 'வி' வடிவத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, ஓரத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரே சீராக மண் சுரண்டுவார்கள். ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்து, கலந்து, நாலு பங்காக்கி எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டு வருவார்கள். நிழலில் உலர்த்தி, மரக்கட்டையால் தட்டி, 2 மி.மீ. சல்லடையில் சலிப்பார்கள். அப்புறம்தான் சோதனை. முதல் வாரம் முழுக்க நான் சலித்ததோடு சரி.

இரண்டாவது வாரம் பி.எச். (மண் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) பார்க்கச் சொன்னார்கள். 20 கிராம் மண்ணுக்கு 50 மி.லி. தண்ணீர். பக்கத்தில் இருந்த கேனிலிருந்து ஊற்றிவிட்டேன். அது போர்வெல் தண்ணீர். அங்கே வேலை செய்யும் அக்கா ஒன்றும் சொல்லாமல் எட்டு பீக்கரையும் கழுவித் தொட்டியில் கொட்டிவிட்டு, வாலை வடிநீர் (காய்ச்சி வடித்த நீர்) கேனை என் பக்கம் நகர்த்தி வைத்தார். எட்டு விவசாயிகளின் சீட்டு என் கையால் தப்பாகப் போயிருக்கும். பதினொரு வருடமாக 'காய்ச்சி வடித்த நீர்' என்று பாடத்தில் வாசித்திருக்கிறேன். அந்தச் சொல் ஏன் அங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த மூன்று வாரத்தில் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒரு பெரியவர் வந்த காலைப்பொழுது. மண் அட்டையை நீட்டி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். அக்கா வேறு வேலையில் இருந்தார். நான் வாங்கி, "தழைச்சத்து ஹெக்டேருக்கு 150 கிலோ போடணும்னு இருக்குங்க" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "அதெல்லாம் இருக்கட்டும்மா. எனக்கு இருக்கிறது அஞ்சு மா. மாவுக்கு எத்தன கிலோ யூரியா, அதச் சொல்லு."

மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு. எனக்குச் சொல்ல வரவில்லை. எம்.எஸ்சி. வேதியியல், பி.எட். எல்லாம் இருந்தும் நின்றேன். அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மாவுக்கு ஒரு மூட்டைங்கய்யா. ஒரேயடியா போட்றாதீங்க, நாலு தடவையா பிரிச்சுப் போடுங்க." அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஏக்கருக்கு மூன்று மா. ஆக ஹெக்டேருக்கு ஏழரை மாவுக்குக் கொஞ்சம் குறைவு. 150-ஐ அதால் வகுத்தால் மாவுக்கு 20 கிலோ தழைச்சத்து. தழைச்சத்து என்றால் நைட்ரஜன்தான். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். 20-ஐ 0.46-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 44 கிலோ. யூரியா மூட்டை 45 கிலோ. அக்கா சொன்னது சரி. ஏழாம் பாடம், அணுக்களும் மூலக்கூறுகளும், முழுக்க அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது என்று தோன்றியது. அந்த இரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் ஜூனில் நான் செய்தது வேறு. பள்ளி திறந்ததும் மூன்று வாரக் கதையையும் பிள்ளைகளிடம் கொட்டினேன். சுடரின் ஒளியை வைத்துச் சத்தை அளக்கும் தீச்சுடர் ஒளிமானியில் பொட்டாசியம் ஊதாவாகவும் சோடியம் மஞ்சளாகவும் எரிவது, நீல நிறத்தை வைத்து மணிச்சத்து (பாஸ்பரஸ்) அளப்பது எல்லாம் சொன்னேன். பிள்ளைகள் வாயைத் திறந்து கேட்டார்கள். மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். நல்ல ஆசிரியை ஆகிவிட்டேன் என்றே நினைத்தேன். காலாண்டில் 34 பேரில் 11 பேர் அறிவியலில் போய்விட்டார்கள். போர்ஷனும் இரண்டு பாடம் பின்தங்கி இருந்தது. தாளைத் திருத்தும்போது ஒன்று கண்ணில் பட்டது. கதையை நன்றாகக் கேட்ட பிள்ளைகளும் கணக்கில் விடை மட்டும் எழுதி அலகை விட்டிருந்தார்கள். '46' என்று எழுதி நிறுத்தியிருந்தார்கள். 46 என்ன? கிராமா, சதவீதமா, மூட்டையா?

அன்றைக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். கூடத்தில் பார்த்த எதையும் வகுப்பில் சொல்லலாம். ஆனால் அது பத்து நிமிடத்துக்குள் எண்ணோடும் அலகோடும் பிள்ளையின் நோட்டில் ஒரு விடையாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்தக் கதை வேண்டாம். இந்த வருடம் எங்களைக் காப்பாற்றியது இது ஒன்றுதான் என்று நான் நம்புகிறேன்.

யூரியாவை மறுபடி எடுத்தேன். வீட்டில் இருக்கும் காலிச் சாக்கைக் கொண்டு வரச் சொன்னேன். ஆறு சாக்கு வந்தது. எல்லாவற்றிலும் 46 என்று இருந்தது. கரும்பலகையில் கார்பன் 12, ஆக்சிஜன் 16, இரண்டு நைட்ரஜன் 28, நான்கு ஹைட்ரஜன் 4. கூட்டினால் மூலக்கூறு நிறை 60. அதில் நைட்ரஜன் 28. 28-ஐ 60-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 46.67 சதவீதம். பின் பெஞ்சில் இருந்து ஒரு பெண் எழுந்து, "டீச்சர், சாக்குல 46தான் இருக்கு. மிச்ச 0.67 எங்க போச்சு?" என்று கேட்டாள். நாம் கணக்குப் போட்டது சுத்தமான யூரியாவுக்கு. கடையில் வருவதில் கொஞ்சம் ஈரமும் வேப்பெண்ணெய்ப் பூச்சும் உண்டு, குறைந்தது 46 இருக்கும் என்ற உறுதியைத்தான் சாக்கில் அச்சடிக்கிறார்கள் என்றேன். அந்தக் கேள்வியை அவள் பெயரோடு எல்லோரும் நோட்டில் எழுதினார்கள். அப்புறம் அவரவர் வீட்டு வயலுக்கு மாக் கணக்கு. வயல் இல்லாத பிள்ளைகள் பக்கத்து வீட்டு வயலைக் கேட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு நான் பார்த்த நோட்டுகளில் சதவீத இயைபுக் கணக்கில் யாரும் அலகை விடவில்லை. பொதுத்தேர்வு அறிவியல் தாளில் 22-ஆம் கேள்வியும் 32-ஆம் கேள்வியும் கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கணக்கு வந்தால் தப்பிக்க வழியில்லை. அதற்கு நான் செய்த ஒரே தயாரிப்பு இதுதான்.

மற்ற பாடங்களில் ஒட்டியவை:

பி.எச். (10-ஆம் பாடம்): பேட்டரிக் கடையில் வாலை வடிநீர், ஒரு கட்டு பி.எச். தாள். மண்ணைக் கலக்கி அரை மணி நேரம் அவ்வப்போது கிளறி, தெளிந்த மேல்நீரில் தாளை நனைக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் நனைத்தால் நிறம் தெரியாது. எங்கள் ஊர் மண் 7 காட்டியது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் சித்தி வீட்டு வயலிலிருந்து ஒரு பையன் கொண்டு வந்தது 9. "ரெண்டுதானே டீச்சர் வித்தியாசம்" என்றார்கள். ஹைட்ரஜன் அயனி நூறில் ஒரு பங்கு என்று மடக்கையைப் போட்டுக் காட்டினேன். 0.01 மோலார் கணக்கெல்லாம் அதன் பிறகு சுலபம்.

வெப்பம் கொள் வினை: யூரியாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து டம்ளரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில்லென்று இருக்கும். இரண்டு நிமிடம் போதும்.

ஜிப்ரலின் (16-ஆம் பாடம், செடியை நீள வைக்கும் தாவர ஹார்மோன்): நாற்றங்காலில் ஒரு நாற்று மட்டும் வெளிறி, மற்றதை விட உயரமாக, ஒல்லியாக நிற்கும். கூடத்துக்குப் பக்கத்து நாற்றங்காலில் எனக்குக் காட்டினார்கள். ஜப்பானிய விஞ்ஞானி குரோசவா 1926-ல் நெல்லில் ஆராய்ந்த பக்கானே நோய் அதுதான். பாடத்தில் ஜப்பான் என்று படித்தது நம் வயலிலும் நிற்கிறது என்று சொன்னால் அந்த ஆண்டும் பெயரும் மறக்காது. நிமிர்ந்து நிற்கும் அந்த நாற்றின் உயரத்தை செ.மீ.-இல் அளந்து எழுதச் சொன்னேன். இங்கேயும் அலகு.

ஐ.ஆர். 8 (20-ஆம் பாடம்): பீட்டா, டீ-ஜியோ-வூ-ஜென் என்ற இரண்டு நெல் ரகங்களும் சேர்ந்து 1966-ல் வந்த நெல் ரகம் என்று பாடம். வீட்டில் பாட்டியிடம் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் தெரியுமா என்று கேட்டு வரச் சொன்னேன். ஒன்பது பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை, அங்கே 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது என்பது ஒரு பிள்ளைக்கும் தெரிந்திருக்கவில்லை. நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான் அது.

விட்டுவிட வேண்டியவை: தீச்சுடர் ஒளிமானி, மின்கடத்து திறன், நுண்ணூட்டம், கூடத்தில் எடுத்த போட்டோக்கள். எல்லாம் அருமையான விஷயங்கள்தான். நம் தாளில் இல்லை. மாலையில் கேட்கும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

இன்டர்ன்ஷிப் போகும் ஆசிரியர்களுக்கு:

பாடப்புத்தகத்தைக் கையில் கொண்டு போங்கள். பார்த்ததை அந்தந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே பென்சிலில் எழுதுங்கள். நான் தனி டைரி போட்டேன். அக்டோபர் வரை அதைத் திறக்கவே நேரமில்லை.

அங்கே வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் சொன்னபடியே குறித்து வாருங்கள். அதிகாரிகள் விளக்குவதை விட அவைதான் வகுப்புக்கு உதவும்.

செய்த தப்பைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். என் எட்டு பீக்கர் கதையைச் சொன்ன பிறகு செய்முறையில் ஒருவர்கூடக் குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை.

பிள்ளைகளுக்கு நான் சொன்னது கொஞ்சம்தான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படிக்கச் சொல்ல மாட்டேன், எனக்கே அது ஒத்துவந்ததில்லை. கைடு வாங்க வேண்டாம் என்பேன், சண்டைகூடப் போட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு கணக்கு, முழு வாக்கியமாக, அலகோடு, தேதி போட்டு. வீடியோ பார்த்துப் படிக்கிற பிள்ளைகள் இருக்கலாம், எனக்கு அந்த வழி தெரியாது. கையால் எழுதியதைத்தான் நம்புவேன்.

இப்போது அந்த ஒருவன்.

மண் சோதனையில் வகுப்பிலேயே அவன்தான் கெட்டிக்காரன். அப்பாவோடு நடவு வேலைக்குப் போகிறவன். நாலு பங்காக்கித் தள்ளுவதை நான் காட்டும் முன்பே அவன் செய்தான். பி.எச். தாளின் நிறத்தை எல்லோருக்கும் அவன்தான் படித்துச் சொன்னான். மாக் கணக்கை மனதிலேயே போட்டு என்னை விட வேகமாகச் சொல்வான். வாயால் சொல்கிறானே என்று அவன் நோட்டை நான் மற்றவர்கள் நோட்டைப் பார்த்த அளவுக்குப் பார்க்கவில்லை. முடிவு வந்த அன்று மாலை அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். நவம்பரிலிருந்து பல பக்கம் காலி. எழுதிய இடத்தில் எண் மட்டும் இருக்கிறது. என் விதியை நான் 33 பேரிடம் நடத்தி, அவன் ஒருவனிடம் நடத்தவில்லை. நன்றாகத் தெரிந்த பிள்ளை என்று விட்டது என் தப்பு. உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும், கையும் வாயும் வேகமாக இருக்கும் பிள்ளை. அவன் நோட்டை முதலில் வாங்குங்கள்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா காபி கொடுத்தார், அவன் கொல்லையிலிருந்து வரவே இல்லை. கிளம்பும்போது வாசலில் வந்து நின்று, "டீச்சர், துணைத் தேர்வுக்கு எத்தனை நாள் இருக்கு?" என்று மட்டும் கேட்டான். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். புது நோட்டு வாங்கி வைத்துவிட்டேன். ஏழாம் பாடத்தில், யூரியா சாக்கிலிருந்து தொடங்குகிறோம்.