பழசு மாதிரி இருந்த புது நடராஜர்

சுவாமிமலைப் பட்டறையிலிருந்து நாங்களே நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் சிலை இது. அதுவரை சென்னை ஏஜென்ட் வாங்கிப்போய் அனுப்புவார், லாபமும் அவருக்கே. ஏற்றுமதி, இறக்குமதி செய்யத் தேவையான ஐஇசி எண் 500 ரூபாயில் ஆன்லைனிலேயே வந்துவிட்டது. (ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள், விவரங்களில் மாற்றம் இல்லாவிட்டாலும் இணையதளத்துக்குள் போய் உறுதி செய்துவிடுங்கள். விட்டால் எண் முடங்கிவிடும்.) ஏற்றுமதிப் பணம் வரும் வங்கியைச் சுங்கத்துறையில் பதிய உதவும் ஏடி கோடு பதிவிலும் சிக்கலில்லை.

வினை, சிலை உலோகத்தில் ஏறும் பச்சைக் களிம்பில் இருந்தது. நெதர்லாந்து வாடிக்கையாளர் 18 அங்குல நடராஜரைப் பழைய சிலை போலப் பச்சை ஏற்றித் தரச் சொல்லியிருந்தார். 100 ஆண்டு தாண்டிய சிலையைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 சட்டம் விடாது. அதனால் போன மாதம் வார்த்த சிலைக்கும் 'தொன்மைப் பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வேண்டும். அதை வாங்க, உழவன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் சாக்கில் சுற்றிய நடராஜரைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு சென்னை போனேன்.

சான்றிதழ் தரும் அதிகாரி விண்ணப்பத்தோடு இருந்த படத்தைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார். "தம்பி, படத்துல தங்கம் மாதிரி மின்னுது. இது வேற சிலை." பச்சை ஏற்றுவதற்கு முன்னால் எடுத்த படம் அது! எவ்வளவு சொல்லியும் நடக்கவில்லை. திரும்பி வந்தேன்.

அடுத்த வாரம் மெழுகு உருவம், வண்டல் மண் பூசிய கரு (அச்சு), வார்ப்பு என்று எல்லாப் படத்தையும் எடுத்துப் போனேன். சிலையைக் கவிழ்த்து, பீடத்தின் அடியில் களிம்பு ஏறாத இடத்தில் அரத்தால் ராவிய புதுக் கோடுகளைக் காட்டினேன். கையெழுத்து விழுந்தது.

அப்புறம் ரோடெப். 2021 ஜனவரியிலிருந்து இருக்கிற திட்டம், ஏற்றுமதிப் பொருளில் திரும்பக் கிடைக்காத வரிகளை ஈடுகட்டுவது. சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவமான ஷிப்பிங் பில்லில் 'வேண்டும்' என்று குறித்தால்தான் உண்டு. எங்களுக்காகச் சுங்க வேலையைப் பார்த்த கிளியரிங் ஆள் 'வேண்டாம்' போட்டிருந்தார். கேட்டால், "சின்னத் தொகைதானே சார்." மரப்பெட்டிக் காசில் பாதியாவது தேறியிருக்கும். பில்லைத் தாக்கல் செய்யும் முன் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இரண்டாவது சரக்குக்கு வந்தது, ஆனால் பணமாக இல்லை. சுங்க வரி கட்ட மட்டும் உதவும் கிரெடிட். நான் எதை இறக்குமதி செய்கிறேன்? இறக்குமதியாளர் ஒருவருக்குச் சற்றுக் குறைத்து விற்றேன். வந்தவரை சரி.

மூன்றாவது ஆர்டரும் பச்சைதான். களிம்பு இன்னும் காயவில்லை. காய்ந்த பிறகுதான் படம் எடுக்க வேண்டும்.