டைனமோவில் பதிந்த பாட்டுகள்

எங்கள் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் கல்லூரி நினைவு எழுதித் தரும்படி கேட்டார்கள். என்னிடம் இருப்பவை கசற்றுகள். ரொறன்ரோ வீட்டு நிலவறையில் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. கணினியில் ஏற்றிவிட்டு எறியுங்கள் என்று சொல்லிச் சலித்த மகள், கடைசியில் தானே எங்கோ தேடி ஒரு பழைய கசற் டெக்கை வாங்கித் தந்தாள். இந்தக் குளிர்காலம் அதற்கு முன்னால்தான் கழிந்தது. இது கல்லூரிக் கட்டுரையா, பாட்டுக் கட்டுரையா என்று வகுப்புத் தோழர்கள் யாரும் கேட்கக்கூடாது. எங்கள் வகுப்புக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

பழைய கசற்றின் ஒலிக்கு நிகரில்லை என்று உருகுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிகர் உண்டு, அதைவிட நல்லதும் உண்டு. வானொலியும் கசற்றும் ஒன்றாக இருந்த எங்கள் வீட்டு டூ-இன்-வன்னின் சின்ன ஸ்பீக்கரில் கீழ்ச்சுரம் எதுவும் ஏறாது. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களை வாத்தியம் வாத்தியமாகப் பிரித்து வைத்து மைதானத்து வேப்பமரத்தடியில் வாதாடிய நாங்கள், அவற்றின் அடியில் பேஸ் கிற்றார் தன்பாட்டில் ஒரு மெட்டுக் கட்டிக்கொண்டு போவதைக் கேட்டதே இல்லை. நான் அதைக் கேட்டது நாற்பது வயதுக்குப் பிறகு, ஸ்காபரோ பஸ்ஸில், காதில் ஹெட்போனோடு. பாதிப் பாட்டை வைத்துக்கொண்டு அவ்வளவு சண்டை பிடித்திருக்கிறோம்!

யாழ்ப்பாண நகரில் அப்போது றெக்கோடிங் பார்கள் இருந்தன. வெறுங்கசற்றையும் கொப்பித் தாளில் எழுதிய பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு கிழமையில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கசற்றில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டுப் போட்டால் கொஞ்ச இடம் மிஞ்சும். அந்த மிச்சத்தை எங்கள் கடைக்காரர் சும்மா விடமாட்டார். தனக்குப் பிடித்த ஒன்றைக் கேளாமலே போட்டுவிடுவார். அது பெரும்பாலும் பாதிச் சரணத்தில் அறுந்து நிற்கும். பி.பி. ஸ்ரீனிவாஸையும் ஏ.எம். ராஜாவையும் நான் தேடிப் போனதில்லை. பக்கம் முடியும் இடத்தில் அவர்களாகவே வந்து நின்றார்கள். இப்போது கைபேசியும் தானாக அடுத்த பாட்டைப் போடுகிறது, ஆனால் நான் ஏற்கெனவே விரும்பியதைப் போலவே இன்னொன்றைத் தேடிப் போடுகிறது. கடைக்காரர் என் விருப்பத்தை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு மின்சாரம் போயிற்று. தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரியும் சேர்ந்தது. செத்த பற்றரிகளை வெயிலில் காயவைத்து உயிர்ப்பித்தோம். அந்த உயிரும் இரவில் பிபிசி தமிழோசைச் செய்திக்கே காணாது. பாட்டுக்குப் பற்றரி செலவழிப்பது வீட்டில் பெருங்குற்றம்.

அப்போதுதான் சைக்கிள் தலைகீழானது. சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் இருக்க, பெடலைக் கையால் சுற்றினால் பின்சில்லு ஓடும், டைனமோ ஆறு வோல்ற்று தரும். டைனமோ தருவது ஆடலோட்டம் (ஏ.சி.), ரேப் றெக்கோடருக்கு வேண்டியது நேரோட்டம் (டி.சி.). சோதனையில் வந்தால் எழுதுவதற்கென்று மாத்திரம் நாங்கள் படித்து வைத்திருந்த இருவாயியையும் (டையோட்) கொள்ளளவியையும் (கப்பாசிற்றர்), விடுதியில் இருந்த கணிதப்பிரிவு நண்பன் ஒருவன் பழைய றேடியோ ஒன்றிலிருந்து கழற்றி ஈயம் பற்றவைத்துப் பெட்டியாக்கினான். பௌதிகவியலில் எனக்கு விளங்கிய ஒரே பாடம் அதுதான். சுற்றுகிறவன் களைத்தால் ஜேசுதாஸும் களைத்தார்.

வெறுங்கசற்றுக்கும் பஞ்சம். அண்ணா ஒரு நாள் அப்பாவின் கசற்றின் முதுகில், மேலே யாரும் பதியாதபடி உடைத்திருந்த துவாரங்களைக் கடதாசி திணித்து அடைத்து, திருச்சி வானொலிப் பாடல்களை அதன்மேல் பதிந்துவிட்டார். உள்ளே இருந்தது அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரம், கோயில் திருவிழாவில் அப்பா கூட்டத்தில் நெருக்குண்டு தானே பதிந்தது. வீட்டில் நடந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை. இப்போது போட்டால் சினிமாப் பாட்டு முடிந்ததும் அடியில் தப்பியிருந்த தவில் திடீரென்று வெடிக்கிறது. எனக்கு அந்தக் கால்நிமிடம் மேலே உள்ள பாட்டுகள் அத்தனையையும்விடப் பெரிது.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அம்மா இந்தக் கசற்றுகளைச் சேலையில் சுற்றிச் சாக்குப்பையில் போட்டுத் தென்மராட்சிக்குக் கொண்டுபோனார். நான் அதற்கு முன்பே கிளாலிக் கடனீரேரி கடந்து வந்துவிட்டேன். கல்விச் சான்றிதழ்களும் அதே பையில்தான் இருந்தனவாம். சான்றிதழ்கள் நனைந்துவிட்டன.

அந்தப் பெட்டியில்தான் எங்கள் உயர்தர வகுப்பு மண்டபத்தில் நடத்திய இசை நிகழ்ச்சியும் கிடைத்தது. பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் நடந்த நிகழ்ச்சி. மேடைக்குப் பின்னால் சைக்கிள் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பதிந்தோம். செயின் இரையும் சத்தம் முழுக்கக் கேட்கிறது. பாடியவை பெரும்பாலும் சினிமாப் பாட்டுகள் அல்ல. இலங்கை வானொலி மெல்லிசைகளும், நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய பொப் பாட்டுகளும். தடியடி வாங்கியாவது பொப் பாடுவோம் என்று நின்ற எங்களுக்கு, அவற்றில் யாழ்ப்பாணத்துப் பேச்சு இருப்பதே பெரிய விஷயம் என்று அன்று தோன்றவில்லை. இன்று கைபேசியில் தேடினால் சென்னை வரிசையாக வந்து நிற்கிறது. எங்கள் மெல்லிசைகளில் அகப்படுபவை கொஞ்சம்தான். சங்க உறுப்பினர் வீடுகளில் கிடக்கும் பெட்டிகளில் இவை இருந்தால் அனுப்பிவையுங்கள், டெக் என்னிடம் இருக்கிறது.

அந்தக் கசற்றில் ஒரு கோளாறு. முதல் இரண்டு பாட்டும் சரி. மூன்றாவதில் தபேலா ஓட்டம் பிடிக்கிறது, பாடகனின் குரல் மெலிந்து மேலே ஏறுகிறது. பதியும்போது நாடா மெதுவாக ஓடியிருந்தால், பின்பு சரியான வேகத்தில் போடும்போது இப்படித்தான் விரையும். கீச்சுக்குரல் வருமிடமெல்லாம் சுற்றியவன் களைத்த இடம். சட்டென்று குரல் தணிந்தால் அங்கே ஆள் மாறியிருக்கிறது. சிம்மக் குரலுக்குப் பேர்போன எமது கல்லூரி அதிபர், நன்றியுரை முடியுமுன் முதலாம் வகுப்புப் பிள்ளைபோலப் பேசுகிறார்.

வேகத்தைச் சீராக்கித் தருவதாக மகள் சொன்னாள். பாட்டுகளுக்குச் சம்மதித்தேன். அதிபரில் கைவைக்க விடவில்லை.

அந்த உரையை வகுப்புக் குழுவுக்கு அனுப்பினேன். லண்டன்காரன் தான் அப்போது சுற்றவில்லை என்கிறான். சுற்றியிருந்தாலும் ரயர் தேய்ந்து டைனமோ வழுக்கியிருக்கும் என்கிறான். பாரிஸில் இருக்கும் ஈயம் பற்றவைத்தவன் தன் பெட்டியில் பிழையில்லை என்று படம் கீறி அனுப்பியிருக்கிறான். மற்ற எல்லோரும் அந்த நேரம் தேநீர் குடிக்கப் போயிருந்தார்களாம். சுற்றியவர் யாரென்று தெரிந்தவர்கள் மலர்க் குழுவுக்கு எழுதலாம். தேநீர் குடிக்கப் போனவர்களின் சாட்சியம் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.