புழு கிடைக்காத பறவைகள்

படத்தில் 5 பறவைகளும் 3 புழுக்களும் இருந்தன. "புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?" என்று ஐந்து வயதான என் அண்ணன் மகளிடம் கேட்டேன். சற்றும் தயங்காமல் "அஞ்சு" என்றாள். அதே படத்தை வைத்துக்கொண்டு, "பறவைகள் எல்லாம் பறந்து வந்து தலைக்கு ஒரு புழுவை எடுத்துக்கொள்ளப் பார்க்கின்றன; எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது?" என்று மாற்றிக் கேட்டேன். ஒவ்வொரு பறவையிலிருந்தும் ஒரு புழுவுக்கு விரலால் கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டுக்குக் கிடைக்காது, பாவம் அத்தை" என்றாள்.

இந்தக் கேள்வி நான் உருவாக்கியதன்று. ஹட்சன் என்ற ஆய்வாளர் 1983-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து எடுத்துக்கொண்டது. மழலையர் வகுப்புக் குழந்தைகளிடம் "எத்தனை அதிகம்" என்று கேட்டபோது நூற்றுக்கு 17 பேர் மட்டுமே சரியான விடை சொன்னார்கள். "எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது" என்று கேட்டபோது 83 பேர் சொன்னார்கள். படமும் எண்களும் விடையும் ஒன்றே. மாறியது வாக்கியம் மட்டுமே. அப்படியானால் முதற்கேள்வியில் தவறிய பெரும்பாலான குழந்தைகளுக்கு, ஒன்றோடொன்றை இணைத்து மிச்சத்தை எண்ணும் அறிவு ஏற்கெனவே இருந்திருக்கிறது. இல்லாதது, "இதைவிட அது எத்தனை அதிகம்" என்ற சொற்றொடர் அந்த மிச்சத்தைத்தான் கேட்கிறது என்ற புரிதல். அந்த வாக்கியத்திலிருந்து குழந்தை தனக்குத் தெரிந்த பகுதியை, அதாவது "பறவைகள் எத்தனை" என்பதை எடுத்துக்கொண்டு, அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிடுகிறது. நாமோ அதற்குக் "கணக்கு வராது" என்று எழுதி வைத்துவிடுகிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஏனெனில் அந்தத் தீர்ப்பைச் சிறு வயதில் கேட்ட பிள்ளைகளில் பலர் அதை நெடுங்காலம் நம்பிக்கொண்டே வாழ்கிறார்கள்.

வயது கூடினால் இது தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். "அக்காவிடம் 12 பந்துகள் இருக்கின்றன, அது தம்பியிடம் இருப்பதைவிட 5 அதிகம், தம்பியிடம் எத்தனை?" என்பது போன்ற கணக்குகளில், "அதிகம்" என்ற சொல்லைக் கண்டதும் கூட்டிவிடும் பிழையைக் கல்லூரி மாணவர்களும் செய்கிறார்கள் என்று லூயிஸ், மேயர் என்ற ஆய்வாளர்கள் 1987-இல் காட்டினார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மேயர் தம் சகாக்களோடு 1995-இல் வெளியிட்ட ஆய்வு. கணக்கைப் படிக்கும்போது கண்கள் எங்கே திரும்பிச் செல்கின்றன என்று அவர்கள் பதிவுசெய்தார்கள். அடிக்கடி தவறியவர்களின் கண்கள் எண்களுக்கும், "அதிகம்", "குறைவு" போன்ற சொற்களுக்குமே திரும்பத் திரும்பச் சென்றன. நன்றாகச் செய்தவர்களின் கண்களோ எது எதோடு ஒப்பிடப்படுகிறது என்பதைச் சொல்லும் பெயர்ச்சொற்களை நாடின. முன்னவர்கள் வாக்கியத்தை நேராகச் செய்முறையாக மாற்றிவிட முயன்றார்கள். பின்னவர்கள் முதலில் ஒரு காட்சியை மனத்தில் அமைத்துக்கொண்டு, அந்தக் காட்சியிலிருந்து கணக்கைப் போட்டார்கள். "கணக்கை ஒழுங்காகப் படி" என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரையில், எதைப் படிக்க வேண்டும் என்பது இல்லவே இல்லை.

மனத்தில் அமையும் அந்த வடிவம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதைப் பெரியவர்களுக்குப் புரியவைக்க, ஹெர்பர்ட் சைமன் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டிய ஒரு விளையாட்டு போதும். 1 முதல் 9 வரையுள்ள எண்களிலிருந்து இருவர் மாறி மாறி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒருவர் எடுத்ததை மற்றவர் எடுக்க முடியாது. தம்மிடமுள்ள எண்களில் எவையேனும் மூன்றைக் கூட்டி 15 வரச் செய்பவர் வென்றவர். ஆடிப் பாருங்கள், எதிராளியின் கூட்டல்களையும் நம்முடைய கூட்டல்களையும் ஒருசேர நினைவில் தாங்குவது கடினமாக இருக்கும். இப்போது மேல்வரிசையில் 2, 7, 6 என்றும், நடுவில் 9, 5, 1 என்றும், கீழே 4, 3, 8 என்றும் ஒரு மாயச் சதுரம் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் கூட்டினாலும் 15. வட்டமும் பெருக்கல் குறியும் இட்டு ஆடும் டிக் டாக் டோவைத்தான் இதுவரை ஆடிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அப்போது தெரியவரும். விதியில் எதுவும் மாறவில்லை. நினைவு சுமந்த வேலையைக் கண் ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

சொல்லின் பங்கை இன்னும் நுட்பமாகக் காட்டுவது மெழுகுவர்த்திப் புதிர். ஜெர்மானிய உளவியலாளர் கார்ல் டங்கர் 1935-இல் வெளியிட்ட நூலில் இது வருகிறது. ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டியில் டிராயிங் பின்கள். மெழுகுவர்த்தியைச் சுவரில் நிற்கவைக்க வேண்டும். பெட்டியைக் காலிசெய்து, அதைச் சுவரில் பின்களால் குத்தி, அதன்மேல் மெழுகுவர்த்தியை வைப்பதே விடை. பின்கள் பெட்டிக்குள் இருக்கும்போது பலருக்கு இது தோன்றுவதில்லை. பெட்டியைக் காலியாகக் கொடுத்தால் எளிதில் தோன்றிவிடுகிறது. 1966-இல் குளுக்ஸ்பெர்க்கும் வைஸ்பெர்க்கும் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். பின்கள் பெட்டிக்குள்ளேயே இருக்க, ஒவ்வொரு பொருளுக்கும், பெட்டிக்கும் சேர்த்தே, பெயர்ச்சீட்டு வைத்தார்கள். உடனே விடை காண்பது விரைவாகிவிட்டது.

இதைத் தமிழில் வைத்து யோசித்தால் காரணம் விளங்குகிறது. "ஒரு பெட்டி பின்" என்று நாம் சொல்லும்போது, "ஒரு குவளை தண்ணீர்" என்பதில் குவளை அளவாகிவிடுவதைப் போல, பெட்டியும் பொருளாக இல்லாமல் ஓர் அளவாகிவிடுகிறது. அளவை எடுத்துச் சுவரில் குத்த யாருக்கும் தோன்றாது. "பெட்டி" என்று தனியே பெயர் சொல்லப்பட்டதும் அது மீண்டும் பொருளாகி, கைக்கு எட்டும் இடத்துக்கு வந்துவிடுகிறது. ஏதேனும் ஒன்றில் சிக்கிக்கொள்ளும்போது, முன்னால் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதிப் பார்ப்பதை நான் இதற்குப் பிறகுதான் பழக்கமாக்கிக்கொண்டேன்.

ஆனால் பேச்சு எப்போதும் துணைநிற்கும் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் தவறிவிடுவோம். ஸ்கூலர், ஓல்சன், புரூக்ஸ் ஆகிய மூவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், படிப்படியாகச் செய்ய வேண்டிய புதிர்களை வாய்விட்டு யோசித்தபடியே செய்தவர்களுக்குக் கெடுதல் ஏதும் நேரவில்லை. ஆனால் சட்டென்று பார்வை மாறினால்தான் அவிழும் புதிர்களில், வாய்விட்டு யோசித்தவர்கள் பின்தங்கினார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போது, சொல்லக்கூடியதை மட்டுமே மனம் பற்றிக்கொள்கிறது. இன்னும் சொல்லாகாத எண்ணம் ஒதுங்கிவிடுகிறது என்பதே நான் இதைப் புரிந்துகொள்ளும் விதம். வகுப்பில் மௌனமாகப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை, "என்ன யோசிக்கிறாய், சொல்" என்று நெருக்குவது எவ்வளவு பெரிய குறுக்கீடு என்பதை ஆசிரியர்கள் அறிய வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

சிந்தனையே மொழிதான் என்ற பழைய வாதத்துக்கும் சான்றுகள் இடம் தருவதில்லை. ரோஸ்மேரி வார்லியும் சகாக்களும் 2005-இல் எழுதிய கட்டுரையில், மூளைப் பாதிப்பால் இலக்கண ஆற்றலைப் பெரிதும் இழந்த மூவர் வருகிறார்கள். மனிதன் சிங்கத்தைக் கொன்றானா, சிங்கம் மனிதனைக் கொன்றதா என்பதை ஆங்கில வாக்கியத்தின் சொல்வரிசையைக் கொண்டு அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் 5-இலிருந்து 10-ஐயும் 10-இலிருந்து 5-ஐயும் கழிப்பது வெவ்வேறு என்பதும், அடைப்புக்குறிக் கணக்கும் அவர்களிடம் சிதையாமல் இருந்தன.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் மகள் தானே ஒரு படம் வரைந்து எடுத்துவந்தாள். 7 குழந்தைகள், 4 நாற்காலிகள். "எத்தனை பேர் நிக்கணும், சொல்லுங்க அத்தை" என்று என்னைச் சோதித்தாள். மூன்று பேர் என்றேன். பிறகு, "நாற்காலிகளைவிடக் குழந்தைகள் எத்தனை அதிகம்?" என்று கேட்டுவிட்டு, வேறு எதுவும் சொல்லாமல் காத்திருந்தேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வெகுநேரம் பேசவில்லை.

"நிக்கிறவங்களைத்தானே கேக்குறீங்க?" என்றாள்.