மேசையில் கிடந்த கொப்பி

ஹட்டனில் ஒரு சிறிய தேயிலைக் கடையில் கணக்கும் விளம்பரமும் பார்க்கச் சேர்ந்தபோது, முதலாளி சொன்னது ஒன்றுதான்: "தம்பி, பேஸ்புக்க நல்லா பாத்துக்க. இந்தக் காலத்துல யாரு இமெயில் பாக்குறா?"

அதில் நியாயம் இருந்தது. எங்கள் சனத்துக்கு இமெயில் என்பது வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு தடவை திறந்துவிட்டு பாஸ்வேர்டை மறந்துபோன விஷயம். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது தூள் எடுத்து வைக்கச் சொல்வதெல்லாம் பேஸ்புக்கில்தான்.

2018 மார்ச்சில் கண்டி, திகன பக்கம் கலவரம் வந்தது. அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரு வாரம் முடக்கியது. வீடுகளும் கடைகளும் எரிந்த நேரத்தில் எங்கள் வியாபாரம் பெரிய காரியமில்லை. ஆனாலும் டிம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் மணம் கூடிய காலம். சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் வருகிற காலமும்கூட. புதுத் தூள் வந்திருக்கிறது என்று சொல்லக்கூட வழியில்லை.

அப்போதுதான் மேசையில் கிடந்த கொப்பி ஞாபகம் வந்தது. கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, "புதுத் தூள் வந்தால் எழுதுங்கள்" என்று வெளிநாட்டுக்காரர்கள் இமெயில் முகவரி எழுதிப்போன கொப்பி. மழைக்காலத்து ஈரத்தில் மை ஊறியிருந்தது. இது பூச்சியமா, ஆங்கில 'o' எழுத்தா? ஒன்றா, 'l' எழுத்தா? ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பெயர்த்தெழுதினேன்.

அவசரத்தில் ஒரு பிழை விட்டேன். எல்லா முகவரிகளும் எல்லோருக்கும் தெரியும்படி ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டேன். ஜெர்மனியிலிருந்து ஓர் அம்மா, "என் முகவரியை முன்பின் தெரியாதவர்களிடம் ஏன் கொடுத்தீர்கள்?" என்று எழுதினார். அவர் கேட்டது சரி. மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் முகவரிகளை மறைத்தே அனுப்புகிறேன். வேண்டாமென்றால் விலகும் வழியையும் அடியில் போடுகிறேன். தினமும் ஆயிரக்கணக்கில் அனுப்புவோருக்கு ஜிமெயில் இந்த விலகும் வழியை 2024இல்தான் கட்டாயமாக்கியது.

அந்தக் கடிதத்துக்குப் பதில்கள் வந்தன. கூடவே ஓடர்களும். கடையில் நின்று குடித்தவர்களுக்கு அந்த ருசி தெரியும், தூள் வந்த செய்தி போனால் போதும். பேஸ்புக்கில் ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் பூஸ்ட் பண்ண, அதாவது கூடுதல் பேருக்குக் காட்ட, காசு கட்டாத போஸ்ட் சிலர் கண்ணில்தான் படுகிறது. கொப்பியில் இருப்பவர்கள் எங்களிடம் கேட்டுக்கொண்டவர்கள்.

அதற்காகப் பேஸ்புக்கை விடவில்லை. ஊர்க்காரர்களுக்கு அதுதான் வழி. வெளிநாட்டுக்காரர்களுக்கு வருடத்தில் மூன்று கடிதம், அதற்கு மேல் இல்லை. மழை எப்படி, இந்த முறை தூள் என்ன நிறத்தில் இறங்குகிறது என்று எழுதுவேன், விலை கடைசியில். 2022 ஏப்ரலில் மறுபடி ஒரு நாள் பேஸ்புக்கை முடக்கியபோது முதலாளியே, "கொப்பிய எடு தம்பி" என்றார்.

இப்போது கொப்பியோடு ஒரு போல்பொயின்ட் பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். முகவரி எழுதியவுடன், அவர்கள் முன்னாலேயே எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தூள் பக்கற்றைக் கட்டுகிறேன்.