மேற்கு வாசல் எந்தப் பக்கம்?

நவம்பர் 12, 2024, செவ்வாய், டோக்கியோ

ஷின்ஜுகு நிலையத்தில் நாற்பது நிமிடம் தொலைந்து போனோம். நாளொன்றுக்குச் சுமார் 35 லட்சம் பேர் வந்துபோகும் இடம், 200க்கு மேல் வாசல்கள். எங்கள் விடுதி மேற்கே. பெட்டியை இழுத்துக்கொண்டு படியேறி வெளியே வந்தால் அது கிழக்கு. சுற்றிப் போகலாமென்றால் குறுக்கே தண்டவாளங்கள். "டேய், போனை உள்ளே வைச்சிட்டு யாரையாவது கேளு" என்றாள் அக்கா. கேட்டதும் ஊழியர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு வரைபடத்தை உருவினார். கீழே இன்னும் ஒரு கட்டு இருந்தது. எங்களைப் போல நிறையப் பேர் போலிருக்கிறது!

நவம்பர் 13, புதன்

டோக்கியோ நிலையத்தின் செங்கல் கட்டடம் தத்சுனோ கிங்கோ வடிவமைத்தது, 1914இல் திறந்தது. 1945 குண்டுவீச்சில் எரிந்த குவிமாடங்களை 2012இல்தான் பழையபடி மீட்டார்கள். படம் எடுத்துவிட்டு உள்ளே போய்விட்டோம்.

எனக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலின் நடைமேடைதான் பிடித்தது. வந்து நின்ற வண்டியைத் துப்புரவுக் குழு ஏழே நிமிடத்தில் தயாராக்கிவிடுகிறது. குப்பை, துடைப்பு, இருக்கைகளைப் போகும் திசைக்குத் திருப்புவது எல்லாம் சேர்த்து. கிளம்பும் நேரத்தில் வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் வண்டியின் நீளத்துக்கும் விரலை நீட்டி ஏதோ சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் யாருமே இல்லை. கண்ணால் பார்த்ததை விரலால் சுட்டி வாயாலும் சொன்னால் கவனம் பிசகாதாம். இங்கே ரயில்வேயில் நூறு வருடத்துக்கு மேலான பழக்கம்.

ஃபுஜி மலைக்காக வலப்பக்க ஜன்னலான 'ஈ' இருக்கையை முன்பதிவு செய்திருந்தேன். மலை இருக்கவேண்டிய இடத்தில் மேகம். அக்கா தூங்கிவிட்டாள்.

நவம்பர் 14, வியாழன், கியோட்டோ

கோயில் நகரத்தில் கண்ணாடியும் இரும்புமாக இப்படி ஒரு நிலையமா என்று 1997இல் இது திறந்தபோது நிறைய முணுமுணுப்பு. கட்டியவர் ஹாரா ஹிரோஷி. 171 படிகள் ஏறி உச்சியில் உட்கார்ந்தால் முணுமுணுக்கத் தோன்றவில்லை. மூட்டு வலி என்று புலம்பும் அக்காவும் ஏறிவிட்டாள் (பாதி தூரம் எஸ்கலேட்டரில்).

அப்புறம் நாரா ரயில் பாதையில் இரண்டாவது நிறுத்தமான இனாரி. வாசலிலேயே ஃபுஷிமி இனாரி கோயில். மலைமேல் வரிசையாகச் செந்நிறத் தோரண வாயில்கள். ஏறும்போது வெறும் தூண்தான். திரும்பி இறங்கும்போதுதான் உபயம் யார், எந்தத் தேதி என்று கறுப்பு எழுத்து தெரிகிறது.

நவம்பர் 16, சனி, ஹிரோஷிமா

நிலையத்திலிருந்து டிராமில் அணுகுண்டுக் குவிமாடம் வரை போனோம், குண்டு விழுந்தபின் இடிபாடாகவே நிற்கும் கட்டடம். 1945 ஆகஸ்ட் 6இல் அணுகுண்டு. 9ஆம் தேதியே ஒரு சின்னத் தூரம் டிராம் ஓட்டியிருக்கிறார்கள். அன்றைக்குத் தப்பிய பெட்டிகளில் சில இன்னும் இருக்கின்றன. எங்களுக்கு வாய்த்தது புது வண்டி.

இறங்கும்போது முன்னால் போய்க் காசு போடவேண்டும். அக்கா சில்லறை தேடி எண்ணி முடிக்கும்வரை ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் இறங்கியதும் சிக்னலை நோக்கி விரலை நீட்டினார், வாய் அசைந்தது, வண்டி நகர்ந்தது.