திருக்கைக்காக இரண்டு மன்றங்கள் எழுதிய கடிதம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் மீன்பிடி விதிகள் பற்றிக் கருத்துச் சொல்ல, கடல்வாரியாக ஆலோசனை மன்றங்கள் இருக்கின்றன. 2013-ல் வந்த சட்டப்படி அவற்றில் 60 சதவீத இடம் மீன்பிடித் தொழிலுக்கு, 40 சதவீதம் மற்றவர்களுக்கு. ஒரு சுற்றுச்சூழல் அமைப்பின் சார்பில் நான் அந்த நாற்பதில் இருக்கிறேன். வடகடல் மன்றமும் வடமேற்குக் கடல்பகுதி மன்றமும் சேர்ந்து திருக்கை மீன் பற்றி ஒரு பரிந்துரை எழுதியபோது, வரைவுக் குழுவில் எனக்கும் இடம் கிடைத்தது.

சேர்ந்து எழுதியே ஆக வேண்டியிருந்தது. வடகடலிலும் ஆங்கிலக் கால்வாயின் கிழக்குப் பகுதியிலும் திரியும் முள்திருக்கையை, கடல் ஆய்வுக்கான பன்னாட்டு மன்றமான ஐசஸின் (ICES) விஞ்ஞானிகள் ஒரே கூட்டமாகத்தான் கணக்கிடுகிறார்கள். மன்றங்களின் எல்லைக்கோடோ அந்தக் கூட்டத்தின் நடுவே போகிறது. ஒருவர் எழுதி மற்றவர் எழுதாவிட்டால் பாதி மீனுக்குத்தான் பரிந்துரை.

சிக்கல் இதுதான். பெரும்பாலான திருக்கை இனங்களுக்குச் சேர்த்து ஒரே பிடிப்பு வரம்பு. அதற்குள் மெதுவாக வளரும் ஓர் இனம் குறைந்துகொண்டே போனாலும் மொத்தக் கணக்கில் தெரியாது. அதனால் இனம்வாரியாக வரம்பு வேண்டும் என்றோம் நாங்கள். ஒரு மீனவர் சங்கப் பிரதிநிதி தன் செல்பேசியில் இரண்டு படங்களைக் காட்டினார். இரண்டும் பழுப்பு நிறம், இரண்டிலும் கரும்புள்ளி. ஒன்றின் புள்ளிகள் சிறகின் ஓரம்வரை போகின்றன, மற்றதில் ஓரத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடுகின்றன. ராத்திரி, அலையில் ஆடும் தளத்தில், வலை நிறைய மீன் கொட்டும்போது இதைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு சிறிய வரம்பு தீர்ந்துவிட்டால் நல்ல விலை போகும் மீனையும் கடலில் விட வேண்டிவரும் என்ற பயமும் அவருக்கு இருந்தது.

அப்புறம் வரைவு பலமுறை கைமாறியது. ஒவ்வொரு சுற்றிலும் யாராவது ஒரு வாக்கியத்தைத் தளர்த்துவார்கள். ஏலக்கூடத்தில் இனம் பிரித்துப் பதிவு செய்ய வேண்டும், அதற்குப் பயிற்சியும் படக்கையேடும் தர வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். தனி வரம்பில் மட்டும் இழுபறி. "தகுந்த நடவடிக்கைகளைப் பரிசீலிக்கலாம்" என்று பொதுவாக எழுதி முடித்துவிடலாம் என்ற யோசனை வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படி எழுதினால், பரிந்துரையைப் பெறும் ஐரோப்பிய ஆணையத்துக்குப் பதில் சொல்ல அதில் எதுவும் இருக்காது. கருத்தொற்றுமை வராத இடத்தில் மாற்றுக் கருத்தைப் பரிந்துரையிலேயே பதிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதைக் காட்டினேன். தலைவர் ஏற்றார். தொழில் தரப்பின் காரணமும் எங்கள் காரணமும் அடுத்தடுத்த பத்திகளில், அவரவர் வார்த்தைகளில் வந்தன. எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி.

இதே வேலையில் இறங்குபவர்களுக்கு ஒரு விஷயம்: கோரிக்கைகளுக்கு எண் போடுங்கள். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும். இறுதி முடிவு பரிந்துரையிலிருந்து விலகினால் விரிவான காரணமும் தர வேண்டும். பத்தியாக எழுதினால் மொத்தத்துக்கும் நன்றி சொல்லி ஒரே பதிலில் முடித்துவிட முடியும். எண் இருந்தால் எதற்குப் பதில் வரவில்லை என்று அடுத்த கூட்டத்தில் நேராகக் கேட்கலாம். எங்கள் கடிதம் எண்களோடுதான் போனது.